கைராசியும் கைச்சுத்தமும்

நல்ல வைத்தியர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, 'அவருக்குக் கைராசி உண்டு' என்று சொல்வது நம்மவர் வழக்கம். பிள்ளைப்பேறு பார்க்க மருத்துவச்சியை அழைக்கும்போதும் முதலில் இந்தக் கைராசியைத்தான் விசாரிப்பார்கள். ஒருத்தி தொட்ட வீட்டில் தாயும் சேயும் நலமாக இருப்பார்கள். இன்னொருத்தி தொட்ட வீட்டில் மூன்றாம் நாள் தாய்க்குக் குளிர்காய்ச்சல் கண்டு, வயிறு வீங்கி, நினைவு தப்பி, ஒரு வாரத்துக்குள் வீடு இருண்டுவிடும். இதை ஊழின் செயல் என்றும் கிரகத்தின் செயல் என்றும் நம் முன்னோர் எண்ணினர். பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்ற சொல்லும் இத்தகைய துயரங்களைக் கண்டு கண்டுதான் பிறந்திருக்க வேண்டும்.

முன்னோர் முற்றிலும் தவறாக நினைத்துவிடவில்லை. கைக்குக் கை வேறுபாடு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் ராசி அன்று. இந்த உண்மை ஐரோப்பாவில் வியன்னா நகரத்து வைத்தியசாலை ஒன்றில், 1847 ஆம் ஆண்டில், எண்களைக் கொண்டு நிறுவப்பட்டது. நிறுவியவர் இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு இளம் வைத்தியர். அவர் கண்டறிந்ததும், அதை உலகம் ஏற்க மறுத்ததும், இன்றும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்க வரலாறாகும்.

வியன்னாவின் பொது வைத்தியசாலை 1784 ஆம் ஆண்டில் இரண்டாம் ஜோசப் பேரரசரால் திறந்துவைக்கப்பட்டது. அதன் பிரசவப் பகுதிக்குப் பெரும்பாலும் ஏழைப் பெண்களும் மணமாகாத தாய்மாருமே வந்தனர். பொருள் செலவு இல்லை. அதற்கு ஈடாக அவர்கள் மாணாக்கரின் பயிற்சிக்கு உடன்பட வேண்டும். அப்பகுதியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் வைத்திய மாணாக்கர் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒருநாள் வருகின்ற பெண்கள் ஒரு பிரிவிலும், மறுநாள் வருகின்றவர்கள் மற்றப் பிரிவிலுமாகச் சேர்க்கப்பட்டனர். ஆகவே வந்து சேரும் பெண்களில் இப்பிரிவார் அப்பிரிவார் என்று இயல்பான வேறுபாடு எதுவும் இல்லை.

ஆனால் அவர்கள் வெளியேறிய விதத்தில் வேறுபாடு இருந்தது. 1841 முதல் 1846 வரை உள்ள ஆறு ஆண்டுகளில் முதற்பிரிவில் 20,042 பிரசவங்கள் நிகழ்ந்தன. 1,989 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் நிகழ்ந்த பிரசவங்கள் 17,791. இறந்த தாய்மார் 691 பேர். மருத்துவச்சிகளின் பிரிவில் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவாக இறந்த காலத்தில், படித்த வைத்தியர்களின் பிரிவில் நூற்றுக்குப் பத்துப்பேர் இறந்தனர்.

இக்கணக்கை ஏட்டில் படித்து அறியவேண்டிய அவசியம் வியன்னாவின் ஏழைப் பெண்களுக்கு இருக்கவில்லை. அவர்கள் அதை ஊர்ப்பேச்சால் அறிந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்கும் நாள் என்று தெரிந்ததும் முழந்தாளிட்டு, தங்களை இரண்டாம் பிரிவில் சேர்க்குமாறு மன்றாடினர். சிலர் வைத்தியசாலைக்கு வரும் வழியிலேயே பிள்ளை பெற்றனர். அவ்வாறு தெருவில் பிள்ளை பெற்று வந்தவர்களிடையே இக்காய்ச்சல் அரிதாகவே காணப்பட்டது. வைத்தியசாலைக் கட்டிலைவிடத் தெருப்புழுதி பாதுகாப்பாக இருந்தது என்பதைக் காட்டிலும் ஒரு வைத்தியருக்கு நாணம் தரக்கூடிய செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

1846 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பேராசிரியர் க்ளைன் என்பாருக்கு உதவியாளராக ஸெம்மல்வைஸ் முதற்பிரிவில் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 28. நாள்தோறும் நிகழ்ந்த மரணங்கள் அவரை உறங்கவிடவில்லை. அக்காலத்து அறிஞர்கள் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். காற்றில் பரவிய ஏதோ ஒரு நச்சுத்தன்மையே காரணம் என்றனர் பலர். அப்படியாயின், ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து இருந்த இரண்டு பிரிவுகளில் ஒன்றை மட்டும் அக்காற்று ஏன் தாக்கவேண்டும்? இட நெருக்கடி என்றனர் சிலர். பெண்கள் அஞ்சி ஓடிச் சேர்ந்த இரண்டாம் பிரிவில்தான் நெருக்கடி மிகுதி. இறக்கும் தறுவாயில் உள்ளவருக்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியோசையுடன் வார்டுகளின் வழியே செல்வதால் உண்டாகும் அச்சமே நோயாகிறது என்றனர் வேறு சிலர். ஸெம்மல்வைஸ் பாதிரியாரை வேண்டிக்கொண்டு மணியை நிறுத்தினார், வழியையும் மாற்றினார். இரண்டாம் பிரிவில் பெண்களை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிரசவம் பார்ப்பதைக் கண்டு அம்முறையையும் கைக்கொண்டார். மரணம் குறையவில்லை.

அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு ஒன்றும் ஆராய்ந்தது. ஆண் மாணாக்கர், குறிப்பாக அயல்நாடுகளிலிருந்து வந்த மாணாக்கர், முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதே காரணம் என்று அது முடிவு கூறியது. மாணாக்கர் தொகை 42 இலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டார் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் புதிதாகக் குடிவந்தவனை முதலில் ஐயுறும் மனித இயல்பு வைத்திய உலகத்துக்கும் விலக்கன்று போலும். சில மாதங்கள் மரணம் குறைந்தது. பிறகு முன்னிலும் கடுமையாகத் திரும்பி வந்தது.

புதிருக்கு விடை ஒரு நண்பரின் மரணத்தில் கிடைத்தது. 1847 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஸெம்மல்வைஸ் வெனிஸ் நகருக்குச் சென்றிருந்தார். திரும்பி வந்தபோது, சட்ட வைத்தியப் பேராசிரியரான கொலெட்ஷ்கா இறந்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது. பிரேதப் பரிசோதனை ஒன்றின்போது மாணாக்கர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுக் காயமாகியது. அதிலிருந்து நோய் உடலெங்கும் பரவி அவரைக் கொன்றது. அவர் உடலைப் பரிசோதித்தவர்களின் குறிப்பைப் படித்த ஸெம்மல்வைஸ் திடுக்கிட்டார். பிரசவத்துக்குப்பின் காய்ச்சல் கண்டு இறந்த தாய்மாரின் உடலில் நூற்றுக்கணக்கான முறை தாம் கண்ட அதே மாறுதல்கள் இந்த ஆண்மகனின் உடலிலும் இருந்தன. கொலெட்ஷ்காவைக் கொன்றது கத்தியில் இருந்த பிரேதத் துகள் என்றால், தாய்மாருக்கு அத்துகளைக் கொண்டுசென்றது எது?

விடை கண்முன்னேயே இருந்தது. முதற்பிரிவின் வைத்தியர்களும் மாணாக்கரும் காலையில் பிரேதங்களை அறுத்து ஆராய்ந்தனர். பிறகு பிரசவ வார்டுக்கு வந்து பெண்களைப் பரிசோதித்தனர். சோப்பினால் கை கழுவியவர்களின் விரல்களில்கூடப் பிரேத நாற்றம் தங்கியிருந்தது. மருத்துவச்சிகளோ பிரேத அறைக்குள் செல்வதே இல்லை. மாணாக்கரைக் குறைத்தபோது மரணம் குறைந்ததேன் என்பதும் இப்போது விளங்கியது. வந்து தொடும் கைகள் குறைந்தன, அவ்வளவுதான். ஸெம்மல்வைஸ் விடுமுறையிலிருந்து மீண்டு, தம் வழக்கப்படி பிரேத ஆராய்ச்சியில் முனைந்து ஈடுபட்ட ஏப்ரல் மாதத்தில் 312 பிரசவங்களில் 57 தாய்மார் இறந்தனர். காரணத்தைத் தேடி அவர் எவ்வளவு ஊக்கத்துடன் பிரேதங்களை ஆராய்ந்தாரோ, அவ்வளவுக்கு அவர் கையாலேயே மரணம் பெருகியிருந்தது. இந்த உண்மையை அவர் மறைக்கவில்லை. தாமும் அப்பெண்களின் மரணத்துக்குக் காரணமானவர் என்பதைப் பிற்காலத்தில் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார்.

1847 ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில் அவர் ஒரு கட்டளை பிறப்பித்தார். வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் வாயிலில் வைக்கப்பட்ட குளோரின் நீரில் கைகளைக் கழுவ வேண்டும். சில நாளில், விலை மலிவான குளோரின் ஏற்றிய சுண்ணாம்பைப் பயன்படுத்தலானார். இன்று ஊராட்சிகளும் நகராட்சிகளும் கிணற்றிலும் குடிநீர்த் தொட்டியிலும் கலக்கின்ற பிளீச்சிங் பவுடர் என்பது இதுதான். பிரேத நாற்றத்தைப் போக்கவல்லது நாற்றத்துக்குக் காரணமான பொருளையும் போக்கும் என்பதே அவர் கொண்ட நியாயம். கிருமிகள் நோய் விளைவிக்கும் என்பது அன்று நிலைநாட்டப்படவில்லை.

பயன் உடனே தெரிந்தது. மே மாதத்தில் நூற்றுக்கு 12 ஆக இருந்த மரணம், ஜூன் மாதத்தில் 268 பிரசவங்களுக்கு 6 ஆகவும், ஜூலையில் 250 பிரசவங்களுக்கு 3 ஆகவும் இறங்கியது. 1848 ஆம் ஆண்டு முழுமைக்கும் முதற்பிரிவில் 3,556 பிரசவங்களில் 45 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,219 பிரசவங்களில் 43 பேர். இரண்டு பிரிவுகளும் சமமாயின. அவ்வாண்டில் மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரண்டு மாதங்களில் முதற்பிரிவில் ஒரு தாய்கூட இறக்கவில்லை. புது மருந்து இல்லை. புதுக் கருவி இல்லை. புதுக் கட்டடமும் இல்லை. ஒரு பாத்திரத்து நீரும், அதில் கை நனைக்கும் ஒழுக்கமுமே இதைச் செய்தன.

இடையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 1847 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கருப்பைப் புற்றுநோயினால் சீழ் வடிந்த ஒரு பெண் வார்டின் முதற்கட்டிலில் சேர்க்கப்பட்டாள். அவளைப் பரிசோதித்த பிறகு, சோப்பினால் மட்டும் கை கழுவிவிட்டு வரிசையாக மற்றவர்களைப் பரிசோதித்தனர். அன்று அங்கே பிள்ளை பெற்ற பன்னிருவரில் பதினொருவர் இறந்தனர். பிரேதத்திலிருந்து மட்டுமன்று, உயிருள்ள நோயாளியிடமிருந்தும் நோய் கை வழியே செல்லும் என்பது இதனால் தெளிவாயிற்று. வாயிலில் ஒருமுறை கழுவினால் போதாது. ஒருவரைத் தொட்டபின் மற்றவரைத் தொடுமுன் கழுவ வேண்டும் என்று ஸெம்மல்வைஸ் விதித்தார். இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் கற்பிக்கப்படும் விதிகளுக்கு மூலம் இதுவே.

இத்துணைத் தெளிவான உண்மையை உலகம் கொண்டாடியிருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. ஸ்கோடா, ஹெப்ரா, ரோகிடான்ஸ்கி போன்ற சில பெரியோர் அவரை ஆதரித்தனர். ஆனால் க்ளைன் ஏற்கவில்லை. 1849 இல் ஸெம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை. மறு ஆண்டு அவர் வியன்னாவை விட்டே வெளியேறித் தம் நாட்டுக்குத் திரும்பினார்.

அறிவாளிகள் ஏன் மறுத்தனர்? சான்று போதாமையால் மட்டும் அன்று. ஒரே பொருள் எல்லா இடத்திலும் இதே காய்ச்சலை உண்டாக்கும் என்பதை அக்காலத்து வைத்திய நூல்கள் ஒப்பவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அவர் சொன்னதை ஏற்பதாயின், 'இத்தனை ஆண்டுகளாக இத்தனை தாய்மாரை நாமே கொன்றோம்' என்பதையும் சேர்த்து ஏற்க வேண்டும். அந்தச் சுமை எளிதன்று. ஜெர்மனியின் கீல் நகரத்தில் மிகாயெலிஸ் என்னும் சிறந்த பிரசவ வைத்தியர் இருந்தார். அவர் பிரசவம் பார்த்த அவருடைய உறவுப்பெண் ஒருத்தி இக்காய்ச்சலால் மாண்டிருந்தாள். வியன்னாச் செய்தியை அறிந்து கை கழுவும் முறையைக் கைக்கொண்டு பயன் கண்டபோது, அவளைக் கொன்றது தம் கையே என்பது அவருக்கு உறுதியாயிற்று. அத்துயரத்தைத் தாங்காமல் 1848 இல் அவர் ரயிலின் முன் வீழ்ந்து உயிர் துறந்தார். உண்மையை மறுத்தவர்கள் பலர். அதை ஏற்று, அதன் பாரத்தால் நசுங்கியவர் இவர்.

மறுப்பு வியன்னாவுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் அலெக்ஸாண்டர் கார்டன் என்பவர், காய்ச்சல் கண்ட பெண்களின் பெயர்ப்பட்டியலையும் அவர்களுக்குப் பேறு பார்த்தவர்களின் பெயர்களையும் ஒப்பிட்டு, வைத்தியரும் மருத்துவச்சிகளுமே நோயைக் கொண்டுசெல்கின்றனர் என்று 1795 ஆம் ஆண்டிலேயே எழுதினார். தம் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊரார் பகைமை அவரை ஊரைவிட்டே போகச் செய்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843 இல் இதே உண்மையை எடுத்துரைத்தார். பிலடெல்பியாவின் பேராசிரியர் மெய்க்ஸ் அதற்குக் கூறிய மறுப்பு புகழ்பெற்றது: வைத்தியர்கள் கனவான்கள்; கனவான்களின் கைகள் தூய்மையானவை! குலமும் பதவியும் விரல்நுனியைச் சுத்தமாக்கிவிடும் என்ற எண்ணம் எந்த நாட்டுக்கும் புதிதன்று.

ஸெம்மல்வைஸிடமும் குறை இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. தம் கண்டுபிடிப்பைப் பற்றி விரிவான நூல் எழுத அவர் பதின்மூன்று ஆண்டுகள் தாழ்த்தினார். 1861 ஆம் ஆண்டைத் தாங்கிய அந்நூலும் படிப்பதற்குக் கடினமானது. ஏற்காதவர்களைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதங்களில் வைதார். நண்பர்களும் விலகினர். இறுதியில் மனம் பேதலித்த நிலையில், 1865 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் மனநோய் விடுதி ஒன்றில் அடைக்கப்பட்டார். இரண்டு வாரத்தில், ஆகஸ்டு 13 ஆம் நாள், காயம் ஒன்றிலிருந்து நஞ்சு இரத்தத்தில் பரவி உயிர் நீத்தார். எந்த நோயிலிருந்து தாய்மாரைக் காக்க முயன்றாரோ, ஏறத்தாழ அதே நோய் 47 வயதில் அவரைக் கொண்டுபோயிற்று.

பிறகு காலம் மாறியது. 1867 இல் லிஸ்டர் அறுவைச் சிகிச்சையில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். 1879 இல் பாரிஸ் நகர வைத்தியக் கழகத்தில், பிரசவக் காய்ச்சலின் காரணம் குறித்து ஒருவர் உரையாற்றுகையில் லூயி பாஸ்டர் குறுக்கிட்டு, மணிமாலை போன்ற ஒரு கிருமியின் வடிவத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். கண்ணுக்குத் தெரியாதிருந்த குற்றவாளியின் உருவம் அதுவே. 1930 களில் இங்கிலாந்தில் டோரா கோல்புரூக் என்ற அம்மையார், பேறு பார்ப்பவர்களின் தொண்டையிலிருந்தும் இக்கிருமி தாய்க்குச் செல்கிறது என்று காட்டினார். அவருடைய சகோதரர் லெனர்டு கோல்புரூக் 1936 இல் ஸல்பா மருந்தின் பயனை லண்டன் மகப்பேற்று வைத்தியசாலையில் நிறுவினார். பின்னர்ப் பெனிசிலின் வந்தது. வைத்தியர்களின் கைக்கு உறையும், வாய்க்குத் திரையும் அணியும் பழக்கமும் நிலைபெற்றது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நெடுங்காலம் பிள்ளைப்பேறு வீட்டிலேயே நிகழ்ந்தது. பேறுற்றவளுக்குத் தீட்டு என்று கூறி, காற்றில்லாத அறையையும் கழித்த துணியையும் அவளுக்கு ஒதுக்கினோம். எவள் மிகவும் தூய்மையாக வைத்துக்கொள்ளப்பட வேண்டியவளோ, அவளையே அழுக்கில் கிடத்தினோம். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டபோது ஐந்து தூய்மைகள் கற்பிக்கப்பட்டன: சுத்தமான கை, சுத்தமான படுக்கை, சுத்தமான கத்தி, கொப்பூழ்க்கொடியைக் கட்டச் சுத்தமான நூல், எதுவும் பூசாமல் சுத்தமாக விடப்பட்ட கொப்பூழ். இந்த ஐந்தில் கைக்கே முதலிடம். தடுப்பூசியும் இத்தூய்மையும் சேர்ந்ததால், தாயையும் சேயையும் வாட்டிய பேறுகால ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக 2015 இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை உறுதிசெய்தது.

அதன்பின் பெரும் மாறுதல் ஒன்றும் நிகழ்ந்திருக்கிறது. 2005-06 ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 38.7 பிரசவங்களே வைத்தியசாலைகளில் நிகழ்ந்தன. 2019-21 ஆம் ஆண்டு ஆய்வில் அது 88.6 ஆக உயர்ந்துவிட்டது. ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இறக்கும் தாய்மார் தொகை 2004-06 இல் 254 ஆக இருந்து, 2018-20 இல் 97 ஆகக் குறைந்தது. இது மகிழத்தக்கது. ஆயினும் வியன்னாவின் பாடத்தை இவ்விடத்தில்தான் நாம் நினைக்க வேண்டும். வைத்தியசாலையின் வாயிலைக் கடந்ததும் பாதுகாப்பு தானாக வந்துவிடுவதில்லை. பல நோயாளிகளைத் தொடும் கைகள் வைத்தியசாலையில்தான் மிகுதி. பிரசவத்தை ஒட்டிய நோய்த்தொற்று உலகில் தாய்மார் இறப்பதற்குரிய முக்கியக் காரணங்களுள் இன்றும் ஒன்றாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட விதிகள், கை தூய்மை செய்ய வேண்டிய ஐந்து வேளைகளைக் குறிக்கின்றன. நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் செயலைத் தொடங்குமுன், இரத்தம் முதலிய உடல்நீர் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்டபின் ஆகியவை அவை. சோப்பும் நீரும் கொண்டு கழுவ ஒரு நிமிஷம் போதும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது சாராயம் கலந்த கைத்தைலத்தை அரை நிமிஷம் தேய்த்தாலும் போதும். கையுறை அணிவது கழுவுவதற்கு மாற்று ஆகாது. இவை எல்லோரும் அறிந்தவை. அறிந்தும் தவறுவது ஏன்? குழாயில் நீர் இல்லை. கைகழுவும் தொட்டி தொலைவில் இருக்கிறது. ஒரு நர்சுக்குப் பல தாய்மார். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. மூத்த வைத்தியர் கை கழுவாமல் கட்டிலருகே வந்தால், இளைய நர்சு வாய் திறக்கத் துணிவதில்லை. க்ளைனின் காலத்துத் தடை இன்னும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நம்மவருக்கு இதில் தனியான அக்கறை உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் நம்முடையது. தொழிலும் தொலைவும் காரணமாக, இப்போது பலர் இருக்கும் ஊரிலேயே பிள்ளை பெறுகின்றனர். ஊரிலிருந்து தாயார் ரயிலேறி வருகிறார். மொழி புரியாத வார்டில், 'நமக்கென்ன தெரியும், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒதுங்கி நிற்பது இயல்பே. ஆனால் 'கை கழுவினீர்களா?' என்ற இரண்டு சொற்களை அவ்வூர் மொழியில் கற்றுக்கொள்வது கடினமன்று. பணிவாகக் கேட்டால் நல்ல வைத்தியர் யாரும் சினம் கொள்ளமாட்டார். குழந்தையைப் பார்க்க வரும் உறவினரும், மடியில் வாங்குமுன் சோப்பினால் கை கழுவட்டும். பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் தாய்க்குக் காய்ச்சலோ, அடிவயிற்றில் வலியோ, நாற்றமுள்ள கசிவோ கண்டால், பால் கட்டிய காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக் காலம் கடத்தாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

நம் மொழியில் 'கைகழுவுதல்' என்றால் பொறுப்பை விட்டுவிடுதல் என்று ஒரு பொருள் உண்டு. வியன்னாவின் வாயிலில் வைக்கப்பட்ட அந்தப் பாத்திரம் இச்சொல்லுக்கு நேர்மாறான பொருளைத் தந்தது. 'என் கையாலும் தீங்கு நேரலாம்' என்று ஒப்புக்கொள்பவரே அங்கே கை கழுவினார். அதுவே பொறுப்பை ஏற்றுக்கொள்ளுதல். மருத்துவச்சியிடமும் வைத்தியரிடமும் நாம் தேட வேண்டிய கைராசியும் அதுவே.